இரண்டாயிரம் ரூபாய் டை கிரைண்டர், மில்லிங் ஸ்பிண்டிலாக

வீட்டில் வைத்துப் பழகும் சிறிய மேசை மில்லிங் மெஷின்களின் ஸ்பிண்டில், அதாவது கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளைத் தாண்டுவதில்லை. 10 மி.மீ. எண்ட் மில்லை (பக்கத்திலும் நுனியிலும் பல் உள்ள கட்டரை) போட்டு இரும்பைச் சீவுவதற்கு அது தாராளம். ஆனால் காரைக்குடி வட்டாரத்தில் பொழுதுபோக்காக மெஷின் வைத்திருப்பவனிடம் வந்து சேரும் வேலைகள் வேறு வகை. பழைய தேக்குக் கதவின் சாவித்துளைத் தகடு, பெட்டகத்தின் கொண்டி, கைப்பிடிக்கு அடியில் இருந்து காணாமற்போன பித்தளைப் பூ, நிலையின் வேலைப்பாட்டில் உதிர்ந்துவிட்ட ஓர் இலை என்று எல்லாமே நுணுக்கமானவை. இவற்றுக்கு 1 முதல் 3 மி.மீ. வரையுள்ள கட்டர்கள்தான் பொருந்தும். 1 மி.மீ. கட்டர் 2,500 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நிமிடத்துக்கு 8 மீட்டர்கூட நகர்வதில்லை. பித்தளையில் கார்பைடு கட்டருக்கு 100 மீட்டருக்கு மேலேயே கொடுக்கலாம். கைப்பிடியைச் சற்று வேகமாகத் திருப்பினால் கட்டர் முறிகிறது, மெதுவாகத் திருப்பினால் ஒரு சின்னத் தகட்டுக்கு ஒரு முற்பகல் போய்விடுகிறது.

இதற்கு முறையான மருந்து அதிவேக ஸ்பிண்டில். 65 மி.மீ. விட்டம், 800 வாட், ஈ.ஆர். 11 கோலட் (கட்டரின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் கீறல் விட்ட குழல்), மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று என்ற அளவில் சீனத் தயாரிப்புகள் தாராளமாக வருகின்றன. ஸ்பிண்டில், இன்வெர்ட்டர், வயரிங் எல்லாம் சேர்ந்தால் வரும் தொகை, எப்போதோ ஒருமுறை பித்தளைத் தகடு வெட்டுகிற எனக்குக் கட்டுப்படியாகாது. எனவே கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் நேர்தண்டு கிரைண்டரை, அதாவது எல்லோரும் டை கிரைண்டர் என்று கேட்டு வாங்கும் அந்த நீண்ட கழுத்துக் கருவியை, மில்லிங் மெஷினின் தலையில் பொருத்தி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இது அதன் மதிப்புரை. தயாரிப்பாளரின் பெயரைச் சொல்வதால் பயனில்லை. ஒரே வார்ப்பைப் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று நிறம் மாற்றிப் பல பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. 6 மி.மீ. கோலட், 25 மி.மீ. வரையான கல், 27,000 சுற்று, 500 வாட்டுக்குச் சற்றுக் குறைவு என்று அதன் தகடு சொல்கிறது.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கருவியை ஆன்லைனில் தருவிப்பதைவிட ஊரிலுள்ள ஹார்டுவேர் கடையில் வாங்குவது நல்லது. விலை நூறு இருநூறு கூடினாலும், பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பார்த்து வாங்கலாம். நான் வாங்கிய கடைக்காரர், கதவு வேலை செய்யும் ஆசாரிகள்தான் இதற்கு முக்கிய வாடிக்கையாளர்கள் என்றும், அவர்கள் பர் (சுழலும் சிறு அரம்) போட்டு மரத்தைக் குடைந்தெடுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொன்னார். மூன்று பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லி, கோலட் நட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தபோது, “எல்லாம் ஒண்ணுதாண்ணே, எதை எடுத்தாலும் ஓடும்” என்றார். ஓடுவது உண்மைதான், ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்றில் தண்டு விரலுக்குத் தெரியும் அளவுக்கு நீளவாக்கில் ஆடியது. இன்னொன்றில் கையால் சுற்றினால் பேரிங்கில் மணல் நெருடுவதுபோல் இருந்தது. மூன்றாவதை வாங்கினேன்.

பிரித்துப் பார்த்தால் விலைக்கு ஏற்ற பண்டம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் மோசம் என்று சொல்ல முடியாது. மோட்டார், மிக்ஸியிலும் கைத்துளைப்பானிலும் இருக்கும் அதே யுனிவர்சல் வகை. ஆர்மேச்சர் என்னும் சுழலும் பகுதி, காயில், இரண்டு கார்பன் பிரஷ், தண்டிலேயே ஒரு விசிறி. கோலட் இந்த ஆர்மேச்சர் தண்டின் முன்முனையிலேயே இருப்பதால் பல்சக்கரம் ஏதும் இல்லை. முன் பேரிங் அலுமினிய வார்ப்புக்குள் ஒரு தகட்டால் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பின் பேரிங்கோ பிளாஸ்டிக் உடலுக்குள் ஒரு ரப்பர் குப்பியில் உட்கார்ந்திருக்கிறது. கையில் பிடித்து வேலை செய்பவருக்கு அந்த ரப்பர் அதிர்வைக் குறைக்கும். மில்லிங்குக்கோ அதுவே தண்டின் பின்முனையைத் தளர விடும். பேரிங்கை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூசு புகாது என்பதற்காக இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதை வாங்கத் தோன்றும். அந்த மூடி உரசுவதால் அதன் வேக வரம்பு குறைவு, இந்த வேகத்தில் சூடேறும். இரும்புத் தகடு மூடியுள்ளதையே நல்ல கம்பெனியில் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு பேரிங்கையும் மாற்றியதில் சத்தம் குறைந்தது, கோலட்டின் ஆட்டம் அதனால் பெரிதாகக் குறையவில்லை.

பொருத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது. விலை உயர்ந்த ஐரோப்பியக் கருவிகளில் கழுத்து 43 மி.மீ. என்று ஒரு நிலையான அளவு உண்டு. அதற்கென்றே தாங்கிகளும் கிடைக்கும். மலிவுக் கருவியில் அப்படி ஒரு அளவும் கிடையாது, ஒழுங்கான உருளையும் கிடையாது. வெர்னியரை வைத்தால் கழுத்தின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டுகிறது. வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காக விடப்பட்ட சரிவு அது. அதன்மேல் வட்டத் துளையுள்ள தாங்கியை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு விளிம்பில்தான் பிடிக்கும், ஓடும்போது கருவி மெல்ல முன்பக்கமாக நழுவும். முன் வார்ப்பை மட்டும் கழற்றி, அதன் பேரிங் குழிக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு தண்டைக் கடைந்து, அந்தத் தண்டின்மேல் வார்ப்பை ஏற்றிக் கழுத்தை லேசாகக் கடைந்தெடுத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். பேரிங் குழியும் கழுத்தும் ஒரே மையத்துக்கு வந்துவிடுவது கூடுதல் லாபம். லேத் இல்லாதவர்கள் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். செக்காலைப் பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு இதைச் செய்துகொடுத்த கடைசல்காரர், புதிதாக வாங்கிய கருவியைப் பிரித்துக்கொண்டு வந்து நிற்பவனைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

தாங்கிக்கு 20 மி.மீ. கனமுள்ள அலுமினியப் பலகையில் துளையிட்டு, ஒரு பக்கம் கீறி, இறுக்கும் போல்ட் ஒன்று வைத்தாலே போதும். பிளாஸ்டிக் உடலையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டாவது தாங்கி வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை என்பதே என் கருத்து. பிளாஸ்டிக் சூட்டில் வளையும், அதை இறுக்கினால் பின் பேரிங்கின் இருக்கை நகர்ந்துவிடும். அலுமினியக் கழுத்தை மட்டும் நீளமாகப் பிடிப்பதே சரி. காற்று வெளியேறும் துளைகளைத் தாங்கி மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிறி பின்னாலிருந்து இழுக்கும் காற்று கழுத்துப் பக்கமாகத்தான் வெளியே வருகிறது. மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று சோதிக்க, 6 மி.மீ. கம்பியை வளைத்துக் கோலட்டில் மாட்டி, அதன் நுனியில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவியை) கட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். எனக்கு 100 மி.மீ. அகலத்தில் வந்த சாய்வைச் சரிசெய்யக் குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய இரண்டு கீற்றுகள் போதுமாக இருந்தன.

அடுத்தது ஆட்டம், அதாவது சுற்றும்போது கட்டர் மையத்திலிருந்து விலகும் அளவு. பழைய உருளை பேரிங்கிலிருந்து எடுத்த 6 மி.மீ. உருளை ஒன்றைக் கோலட்டில் பிடித்து, கோலட் வாயருகே டயல் கேஜை வைத்துச் சுற்றினால் முள் 0.03 மி.மீ. அசைந்தது. வாயிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் 0.08 வந்தது. சிறிய கட்டர்களுக்கு இது பெரிய எண். இரண்டு பல் கொண்ட கட்டரில் ஒவ்வொரு பல்லும் 0.02 மி.மீ. சீவ வேண்டும் என்று கணக்குப் போட்டு ஓட்டும்போது, 0.08 ஆட்டம் இருந்தால் ஒரு பல் எல்லாவற்றையும் தானே வெட்டிவிடும், மற்றது காற்றில் சுற்றும். 1 மி.மீ. கட்டர் முறிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். உடன் வரும் கோலட்டுக்குப் பதிலாக நன்றாகக் கடைசல் செய்த கோலட்டை மாட்டினால் பாதி சரியாகும். மீதியைக் கட்டரைக் கோலட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி மாட்டி, தண்டின் ஆட்டமும் கட்டரின் ஆட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறைக்கலாம். அந்த நிலையைத் தண்டிலும் கோலட்டிலும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் பிறகு கட்டரின் நுனியில் 0.03 அளவில் நிற்கிறது. இந்த விலையில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

6 மி.மீ. கோலட்டில் 3.175 மி.மீ. தண்டுள்ள கட்டரைப் பிடிக்க வழியில்லையே என்று சிலர் நேர்தண்டுடன் கூடிய ஈ.ஆர். 11 நீட்டிப்பை வாங்கி மாட்டுகிறார்கள். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்திலிருந்து மேலும் நான்கைந்து சென்டிமீட்டர் கீழே கட்டர் தொங்கும். 27,000 சுற்றில் அந்த நீட்டிப்பின் எடையே அதிர்வைக் கிளப்பும். 6 மி.மீ. தண்டிலேயே 1, 2, 3 மி.மீ. நுனியுள்ள கார்பைடு கட்டர்கள் கிடைக்கின்றன. சற்று விலை கூடுதலானாலும் அவற்றை வாங்குவதே முறை.

நீளவாக்கு ஆட்டத்தைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. திருகு வடிவப் பற்கள் கொண்ட சாதாரண எண்ட் மில், சீவும்போது தன்னைத்தானே வேலைப்பொருளுக்குள் இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. முன் பேரிங்கை நிறுத்தும் தகடு தளர்வாக இருந்தால், தண்டு அந்த இழுப்புக்கு இசைந்து கீழே இறங்கும், இழுப்பு குறைந்தால் ஏறும். விளைவாக 0.2 மி.மீ. ஆழம் வைத்து ஓடிய பள்ளத்தின் அடிப்பகுதி, விரல் நகத்தால் வருடினால் தெரியும் அளவுக்கு அலை அலையாக இருந்தது. தகட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை வைத்து இறுக்கியதும் அந்த அலை மறைந்தது. ஷிம்மைக் கூடுதலாக வைத்தால் பேரிங் இறுகிக் கொதிக்கும் என்பதால், ஐந்து நிமிடம் ஓட்டியபின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். கை வைக்க முடியாத சூடு வந்தால் ஷிம் கனமாகிவிட்டது என்று பொருள்.

இனி, இந்த அமைப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். கருவியின் குறை வலுவின்மை அல்ல, அது குறைந்த வேகத்தில் ஓட மறுப்பதே. 27,000 சுற்றில், இரண்டு பல் கட்டரில், பல்லுக்கு 0.02 மி.மீ. சீவ வேண்டுமானால் மேசை நிமிடத்துக்கு 1,080 மி.மீ. நகர வேண்டும். என் மெஷினில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 2 மி.மீ. நகரும். அப்படியானால் நிமிடத்துக்கு 540 முறை கைப்பிடியைச் சுழற்ற வேண்டும், அது மனிதனால் ஆகிற காரியமல்ல. சாதாரணமாகக் கை சுழற்றும் வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தால், மேசை 120 மி.மீ. நகரும், ஒரு பல்லின் பங்குக்கு வருவது 0.002 மி.மீ. மட்டுமே. எவ்வளவு கூர்மையான கட்டரின் விளிம்புக்கும் ஒரு சிறு உருண்டை உண்டு. அந்த உருண்டையைவிட மெல்லிய சீவலை அதனால் சீவ முடியாது. அது தேய்த்துக்கொண்டே போகும். தேய்த்தால் சூடு, சூட்டில் மழுங்கல், மழுங்கினால் மேலும் தேய்ப்பு. மலிவு கிரைண்டரை மெஷினில் கட்டியவர்கள் ‘கட்டர் சீக்கிரம் போய்விடுகிறது’ என்று குறைப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அவர்கள் கட்டரைப் பழிக்கிறார்கள், குற்றம் கைப்பிடியின் பக்கம் இருக்கிறது.

இதற்கு விடை, வேகத்தைக் குறைப்பதும் ஒற்றைப் பல் கட்டரைப் போடுவதும். 12,000 சுற்று, ஒரு பல், மேசை 120 மி.மீ. என்றால் பல்லுக்கு 0.01 மி.மீ. கிடைக்கிறது. 2 மி.மீ. கட்டருக்குப் பித்தளையில் அது நல்ல சீவல். விளிம்பின் வேகமும் நிமிடத்துக்கு 75 மீட்டர், மெஷினின் சொந்த ஸ்பிண்டில் கொடுப்பதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகவே முழு வேகத்துக்காக வாங்கிய கருவியைப் பாதி வேகத்துக்கும் கீழே ஓட்டுவதே இதைப் பயனுள்ளதாக்கும் வழி. நேர்கோட்டு வெட்டுகளுக்கு மட்டும், மேசைத் திருகின் மறுமுனையில் பேட்டரி டிரில்லை மாட்டி ஓட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. அது வேலை செய்கிறது. எல்லையில் நிறுத்தத் தவறினால் மேசை முட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேகம் குறைக்கும் வசதி உள்ளேயே உள்ள மாடல்கள் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கின்றன. என்னிடம் இருப்பதில் அது இல்லாததால் வெளியே ஒரு டிம்மர் வகை ரெகுலேட்டர் போட்டிருக்கிறேன். இரண்டிலும் உள்ள பலவீனம் ஒன்றுதான்: மின்னழுத்தத்தைக் குறைக்கும்போது யுனிவர்சல் மோட்டார் தன் பிடிவாதத்தை இழக்கிறது. சுமையில்லாமல் 12,000 ஓடுவது, கட்டர் பித்தளையைத் தொட்டதும் 9,000-க்கு இறங்குகிறது. வேகத்தைத் தானே அளந்து ஈடுகட்டும் எலக்ட்ரானிக் அமைப்பு விலை உயர்ந்த கருவிகளில்தான் உண்டு. தண்டிலுள்ள விசிறியும் வேகம் குறைந்தால் சோம்பிவிடும் என்பதால் மோட்டார் சீக்கிரம் சூடாகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெட்டை நிறுத்தி, கட்டரைத் தூக்கிவிட்டு, முழு வேகத்தில் இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் உள்ளே காற்று பாய்ந்து ஆறும். இதோடு எங்கள் தெருவின் மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. மாலையில் எல்லா வீட்டிலும் ஏ.சி.யும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்குக் கீழே போய்விடுகிறது. அப்போது ரெகுலேட்டரின் குமிழில் காலையில் போட்டு வைத்த குறிகளுக்கு அர்த்தமில்லை. கோலட் நட்டில் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டி, லேசர் டாக்கோமீட்டரால் அளந்துகொண்டு தொடங்குவது நல்லது.

இனி இது என்ன வெட்டியது என்று பார்க்கலாம். மரத்தில் முதல் தரம். பழைய வீடுகளில் இருப்பது பர்மாத் தேக்கு. தேக்கில் இயல்பாகவே மணற்சத்து கலந்திருப்பதால் எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) கட்டர் விரைவில் மழுங்கும், கார்பைடுதான் தாங்கும். 3 மி.மீ. கட்டரில், ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் என்று, நிலையின் ஒட்டுவேலைக்கான இலைத் துண்டுகளின் புறவடிவத்தை வெட்டியெடுத்தேன். பிசிறு இல்லை. மூலையில் கையை நிறுத்திவிட்டால் மட்டும் அந்த இடம் கறுத்துப்போகிறது, தேக்கு எண்ணெயின் கருகல் வாசனை முன்னரே எச்சரிக்கும். மரத்துக்கு முழு வேகம் கொடுக்கலாம், ஆனால் கை நிற்கக்கூடாது.

பித்தளையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதை வாங்கியது அதற்காகத்தான். 2 மி.மீ. கனமுள்ள தகட்டின் அடியிலும், கீழே வைக்கும் அலுமினியப் பலகையின் மேலும் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, இரண்டு நாடாக்களுக்கும் நடுவே ஃபெவிக்விக் விட்டுச் சேர்த்துவிட்டால், கிளாம்ப் ஏதும் குறுக்கே நிற்காமல் தகடு முழுவதும் வெட்டக் கிடைக்கும். அந்தப் பலகையை ரோட்டரி டேபிளின் மேல் பொருத்தி, ஆறு இதழ் கொண்ட சாவித்துளைத் தகடு ஒன்றை வெட்டினேன். 2 மி.மீ. ஒற்றைப் பல் கட்டர், ஒரு தடவைக்கு 0.2 மி.மீ. ஆழம். சரியான வேகமும் கையோட்டமும் அமைந்துவிட்டால் சீவல் பொன்னிறத் தவிடுபோல் உதிர்கிறது, கிரைண்டரின் காற்றே அதைப் பள்ளத்திலிருந்து ஊதித் தள்ளிவிடுகிறது. கை தயங்கினால் அந்தத் தவிடு மாவாகிறது. உடனே கருவியின் ஓசையும் கீச்சென்று மாறுகிறது. காதுதான் இங்கே அளவுகோல். வெட்டிய சுவரைப் பெருக்காடியில் பார்த்தால் நுண்ணிய வரிகள் தெரிகின்றன, 400-ஆம் எண் தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடுகின்றன. சாவித்துளையின் அகலம் கணக்கிட்டதைவிட 0.04 மி.மீ. கூடுதலாக வந்தது, ஆட்டத்தின் விலை அது. கதவுத் தகட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பேரிங் உட்காரும் குழியாக இருந்திருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

அலுமினியம் பரவாயில்லை ரகம். சீவல் கட்டரின் பல்லில் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும் பழைய தொல்லை இங்கும் உண்டு. பட்டறைகளில் இதற்கு மண்ணெண்ணெய் விடுவது வழக்கம். கார்பன் பிரஷ்ஷில் தீப்பொறி பறக்கும் மோட்டாரைக் கட்டருக்கு ஒரு சாண் மேலே வைத்துக்கொண்டு அதைச் செய்யக்கூடாது. கட்டிங் ஆயிலைத் தூரிகையால் தொட்டுத் தடவினால் போதும், ஸ்பிரேயும் வேண்டாம். அக்ரிலிக் உருகி வழிந்தது, மிகக் குறைந்த வேகத்திலும் திருப்தியில்லை. இரும்பில் 6 மி.மீ. எச்.எஸ்.எஸ். கட்டரை இதில் போட்டு ஓட்டுவது பணத்தைத் தீயிலிடுவது. நிமிடத்துக்கு 30 மீட்டர் தாங்கும் விளிம்புக்கு இது 500 மீட்டர் கொடுக்கும். அதற்கு மெஷினின் சொந்த ஸ்பிண்டில் இருக்கிறது. இரும்பில் இதை வைத்து 1 மி.மீ. கார்பைடு நுனியால் எழுத்துப் பொறிக்கலாம், அவ்வளவே.

அதே நேரத்தில், இந்தக் கருவி பிறந்ததே கல் ஓட்டத்தான் என்பதை மறக்க வேண்டியதில்லை. இதே தாங்கியை லேத்தின் டூல் போஸ்ட்டில் பொருத்தும்படி அமைத்துக்கொண்டால், கடினப்படுத்திய தண்டுகளைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் சிறு கிரைண்டிங் மெஷின் கையில் இருக்கிறது. அந்த வேலையில் நீளவாக்கு ஆட்டம்கூட அதிகம் தொந்தரவு செய்வதில்லை. கல்லின்மேல் எழுதியுள்ள வேக வரம்பைப் பார்த்தே மாட்ட வேண்டும், லேத் படுகையை ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இருக்காது. முழு வேகத்தில் இது காதைத் துளைக்கும் கருவி. எங்கள் வீட்டில் மெஷின் உள்ளே இரண்டாம் கட்டில் இருக்கிறது; வளவின் (நடு முற்றத்தின்) நான்கு பக்கச் சுவரிலும் அந்த ஓசை மோதித் திரும்பி, முகப்பில் உட்கார்ந்து பேசுபவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியதாகிறது. காதுக்கவசம் இல்லாமல் ஓட்டக்கூடாது, கண்ணாடியும் கட்டாயம். பித்தளைச் சீவல் ஊசியாகத் தெறிக்கும், கழுத்திலிருந்து வரும் காற்று அதை நேராக முகத்துக்கு அனுப்பும். கழுத்தைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் வைத்துக் காற்றைப் பக்கவாட்டில் திருப்பியபின் நிலைமை மேம்பட்டது. உலோகத்தூள் பின்பக்கத் துளை வழியே மோட்டாருக்குள் போனால் மின்கசிவுக்கு இடமுண்டு என்பதால், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. இந்தக் கருவியின் சுவிட்ச், தள்ளினால் அங்கேயே நிற்கும் வகை. கையில் பிடித்திருப்பவர் மின்சாரம் போனால் அணைத்துவிடுவார். மெஷினில் கட்டியிருக்கும்போது யாரும் அணைப்பதில்லை. மின்சாரம் போய், கட்டரை மாற்றலாம் என்று நட்டில் கை வைத்திருக்கும்போது அது திரும்பி வந்தால் நடக்கப்போவதை விவரிக்கத் தேவையில்லை. வீட்டுப் போர் மோட்டாருக்குப் போடும் சிங்கிள் ஃபேஸ் ஸ்டார்ட்டர் ஒன்றை இடையில் வைத்துவிட்டால், மின்சாரம் போனதும் அதன் காயில் பிடியை விட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். கிரைண்டருக்குச் செலவிடுவதற்கு முன் இதற்குச் செலவிடுங்கள் என்பேன்.

மாற்று வழி என்று பார்த்தால், மரவேலைக்கான டிரிம் ரவுட்டர் நெருங்கிய போட்டியாளர். உதாரணமாக, மக்கிட்டாவின் ஆர்.டி.0700சி 710 வாட், 10,000 முதல் 30,000 வரை வேகம் மாற்றலாம், 65 மி.மீ. உருளை வடிவ உடல் என்பதால் தாங்கிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. மேலே நான் சொன்ன கழுத்துக் கடைசல், ரெகுலேட்டர் ஆகிய இரண்டு தலைவலியும் அதில் இல்லை. ஆனால் விலை பல மடங்கு. கணினி ஓட்டும் சி.என்.சி. ரவுட்டர் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். அவர்களுக்கு மேசை வேகம் பிரச்சினையில்லை, ஆனால் ஒரே வேலை மணிக்கணக்கில் ஓடும்; இடைவிட்டு ஓட்டவே செய்யப்பட்ட மலிவு மோட்டார் அதில் வெந்துபோகும். கைப்பிடி சுழற்றும் மெஷினில், அரை மணிக்கு மேல் நீளாத சின்ன வேலைகளுக்கு இரண்டாவது ஸ்பிண்டிலாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு மட்டுமே இந்தக் கிரைண்டரை நான் பரிந்துரைப்பேன். ஒரே ஸ்பிண்டிலாக அல்ல.

செலவுக் கணக்கில் கருவியின் விலை சிறு பங்குதான். நல்ல கோலட், இரண்டு பேரிங், தாங்கிக்கான அலுமினியம், பட்டறைக் கூலி, ரெகுலேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்ந்து கிரைண்டரின் விலையைப்போல் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. முதல் திருகைக் கழற்றியதுமே வாரண்டி போய்விடுகிறது, எனவே அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கார்பன் பிரஷ் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் பழையதைக் காட்டினால் எடுத்துக் கொடுக்கிறார்கள். நீலப் பொறி கொஞ்சமாகத் தெரிந்தால் பயமில்லை, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் உடனே நிறுத்திப் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். ஆர்மேச்சர் எரிந்தால் தனியாக வாங்கிப் போடுவதும் காயில் கட்டுவதும் புதுக் கருவியின் விலையை நெருங்கிவிடும். அதனால் அந்த நாள் வரும்போது இதே வார்ப்பில் இன்னொன்றை வாங்கி, கடைந்து வைத்திருக்கும் முன்கழுத்தையும் நல்ல கோலட்டையும் மட்டும் அதற்கு மாற்றிக்கொள்வதாகத் திட்டம். தண்டின் ஆட்டத்தை மட்டும் புதிதாக அளந்து, கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட வேண்டியிருக்கும்.